வராந்தாவில் குவிந்த கன்ட்ரோலர் பெட்டிகள்

கேள்வி: கோவை கணபதி பக்கம் எங்கள் பம்ப் கம்பெனி. அப்பா ஆரம்பித்தது, நான் இரண்டாவது தலைமுறை. கேஸ்டிங் வெளியே ஃபவுண்டரியில், மெஷினிங் பாதிக்கு மேல் ஜாப் ஒர்க்கில், வைண்டிங்கும் அசெம்பிளியும் டெஸ்டிங்கும் எங்களிடம். ஆறு வருடமாக சோலார் சப்மெர்சிபிள் செட்டும் (போர்வெல்லுக்குள் மூழ்கி ஓடும் பம்ப்) போடுகிறோம். பேனல் கரண்டை மோட்டாருக்குத் தக்கபடி மாற்றித் தரும் கன்ட்ரோலர் பெட்டி வெளிமாநிலக் கம்பெனி ஒன்றிலிருந்து வருகிறது. இந்த வருடம் இரண்டு தடவை விலை ஏற்றினார்கள். போதாததற்கு இப்போது வேறொரு பம்ப்போடு சேர்த்து முழு செட்டாக அவர்களே விற்கிறார்கள். ரிட்டர்ன் வந்த பெட்டிகள் முப்பதுக்கு மேல் வராந்தாவில் கிடக்கின்றன, சப்ளையர் வந்து எடுத்துப் போவார். 'இரண்டரைக் கோடி கடன் வாங்கி நாமே எலக்ட்ரானிக்ஸ் யூனிட் போடலாம்' என்கிறார் மச்சினர். எம்.பி.ஏ. முடித்து வந்திருக்கும் மகளோ, 'நம்ம கோர் காம்பிடன்ஸ் பம்ப்புதான், மத்ததெல்லாம் வெளியே வாங்கிக்கலாம், வேற சப்ளையரப் பாருங்கப்பா' என்கிறாள். இதற்கிடையில் எங்களுக்கு ஷாஃப்ட் கடைந்து தருபவர், 'என் ஷெட்டையும் நீங்களே எடுத்துக்குங்க' என்று நிற்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? — பெயர் வேண்டாம், கோவை.

பதில்: வணக்கம் ஐயா. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் அந்த வராந்தாவில் வந்துதான் நின்றேன். முப்பதுக்கு மேல் பெட்டிகள் கிடக்கின்றன, ஒன்றைக்கூட யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. 'சப்ளையர் வந்து எடுத்துப் போவார்' என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அங்கே திரும்பி வருகிறேன். அதற்கு முன் வீட்டு வழக்கைப் பார்த்துவிடலாம்.

முதலில் மகள் கட்சி. 'கோர் காம்பிடன்ஸ்', அதாவது கம்பெனியின் ஆதாரத் திறமை, என்ற சொல்லைப் பிரபலமாக்கிய இருவரில் ஒருவர் சி.கே. பிரகலாத். அந்த 'சி' நம் கோயம்புத்தூர்தான். 1941ல் இங்கே பிறந்தவர், சென்னை லயோலாவில் இயற்பியல் படித்தவர், பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். நம் ஊர்க்காரர் சொன்னதை நம் ஊரிலேயே தலைகீழாகச் சொல்கிறார்களே என்பது எனக்கு வெகுநாள் ஆதங்கம். 1990ல் கேரி ஹேமலோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, 'முக்கியமில்லாததை வெளியே தள்ளு' என்பதற்காக எழுதப்பட்டதல்ல. எஞ்சினை இன்னொரு உதிரி பாகம் மாதிரி நினைத்து வெளியே வாங்கிக்கொண்டிருந்த கிரைஸ்லரை அதில் ஒரு பிடி பிடித்திருப்பார்கள். ஹோண்டா அப்படி எஞ்சினை விட்டுக்கொடுக்குமா என்று கேட்டிருப்பார்கள். வெளியே வாங்கினால் சரக்கு சீக்கிரம் கடைக்கு வந்துவிடும், ஆனால் நம் ஆட்களின் கையில் ஏற வேண்டிய தொழில் ஏறாது என்பதுதான் அவர்களுடைய கவலையே.

இன்னொன்றையும் பாப்பாவிடம் சொல்லுங்கள். அவர்கள் கணக்கில் காம்பிடன்ஸ் என்பது பொருளின் பெயர் இல்லை. ஹோண்டாவுக்கு அது 'கார்' இல்லை, 'பைக்' இல்லை. காரிலும் பைக்கிலும் ஜெனரேட்டரிலும் புல்வெட்டும் மெஷினிலும் போய் உட்காரும் எஞ்சின் வித்தை. அதே கணக்கில் உங்களுடையதும் 'பம்ப்' இல்லை. ஆழத்தில் இருக்கும் தண்ணீரைக் குறைந்த கரண்டில் மேலே கொண்டுவந்து கொட்டுகிற வித்தை அது. அப்படிப் பார்த்தால் கன்ட்ரோலர் அந்த வித்தைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? பாப்பா பதில் சொல்லட்டும்.

இனி மச்சினர் கட்சி. அவர் படிக்காமலேயே பொருளாதார நிபுணர் ஆலிவர் வில்லியம்சன் கட்சிக்காரர். எதைக் கம்பெனிக்குள் செய்வது, எதைச் சந்தையில் வாங்குவது என்ற கேள்வியைத் தொடங்கி வைத்தவர் ரொனால்ட் கோஸ். லண்டனில் படிக்கும்போது 1931-32ல் உதவித்தொகையில் அமெரிக்கா போய், ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற ஆலைகளைச் சுற்றிப் பார்த்தவர். விலையே எல்லாவற்றையும் நடத்தி வைக்கும் என்றால் கம்பெனி என்று ஒன்று எதற்கு? இதுதான் அவர் கேள்வி. சந்தையில் வாங்குவதற்கே ஒரு செலவு இருக்கிறது என்பது 1937ல் அவர் எழுதிய பதில். ஆள் தேடுவது, பேரம் பேசுவது, பேசியபடி நடக்கிறதா என்று காவல் இருப்பது எல்லாம் செலவுதானே. பர்ச்சேஸ் பார்த்த யாருக்கும் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அதற்கு அவருக்கு நோபல் பரிசு வந்தது 1991ல். வில்லியம்சன் அதற்கு மேல் ஒரு படி போனார். ஒருவருக்காகவே பணத்தைப் போட்டு முடக்கிவிட்டால், மற்றவர் கழுத்தைப் பிடிக்கலாம். அப்படிப் பிடிபடும் இடத்தில் வாங்குவதைவிடச் சொந்தமாக வைத்துக்கொள்வது மேல் என்றார். 2009ல் அவருக்கும் நோபல்.

இதற்கு எல்லா வகுப்பிலும் சொல்லும் கதை ஜெனரல் மோட்டார்ஸும், அதற்குக் கார் பாடி செய்து கொடுத்த ஃபிஷர் பாடி கம்பெனியும். 1919ல் ஃபிஷரில் 60 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டு, கார் பாடிக்குப் பத்து வருட ஒப்பந்தம் போட்டார்கள். அடக்க விலைக்கு மேல் 17.6 சதவீதம் என்று பேச்சு. பிற்பாடு ஃபிஷர் கழுத்தைப் பிடித்தார்கள், ஆலையைப் பக்கத்தில் கொண்டுவர மறுத்தார்கள், வேறு வழியில்லாமல் 1926ல் ஜெனரல் மோட்டார்ஸ் முழுக் கம்பெனியையும் வாங்கிவிட்டது என்று கதை போகும். மச்சினருக்குச் சர்க்கரைப் பொங்கல் மாதிரி இருக்கும் இது. ஆனால் 2000ல், தம் எண்பத்தொன்பதாவது வயதில், கோஸ் மறுபடி பழைய ஆவணங்களைக் கிளறிப் பார்த்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று எழுதினார். வேறு சிலரும் அதே சமயத்தில் அதையே சொன்னார்கள். ஃபிஷர் சகோதரர்களின் மூளையையும் நேரத்தையும் முழுசாகத் தங்கள் பக்கம் கொண்டுவருவதுதான் அந்தக் கையகப்படுத்தலின் பெரிய காரணம் என்பது அவர்கள் வாதம். கோஸ் இன்னொன்றும் சொல்வார்: அதே ஜெனரல் மோட்டார்ஸுக்காக ஏ.ஓ. ஸ்மித் என்ற கம்பெனி எங்கோ மில்வாக்கியில் உட்கார்ந்துகொண்டு கார் ஃபிரேம் செய்து கொடுத்தது. பெரிய முதலீடு, வேறு யாருக்கும் உதவாத அச்சு. ஆனாலும் இரண்டு கம்பெனியாகவே இருந்தார்கள், நீண்டகால ஒப்பந்தத்தில் காலம் ஓடியது.

ஆக, விலை ஏற்றிவிட்டான் என்பதற்காக ஆலை கட்டுவது அவசரம். அதுவும் கன்ட்ரோலருக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு விஷயத்தில் ஆலை கட்டினால் சார்பு போய்விடாது, ஒரு படி பின்னால் நகரும், அவ்வளவுதான். இன்று பெட்டிக்காக ஒருவரை நம்பியிருக்கிறீர்கள். நாளை உள்ளே கரண்டை வெட்டி விடும் ஐஜிபிடி சுவிட்சுக்கும் மூளையாக இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்கும் வெளிநாட்டு விநியோகஸ்தர் கையைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். 2025 ஏப்ரலில் சீனா சில அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றில் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி லைசென்ஸ் கட்டாயம் என்று சொன்னபோது, காந்த மோட்டார் செய்பவர்கள் பாடு எப்படி ஆனது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். சொந்த ஷெட், சொந்த மெஷின் இருந்தவர்களும்தான் காந்தத்துக்குக் காத்திருந்தார்கள்.

சரி, இப்போது பம்ப்புக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். பாப்பாவும் மச்சினரும் படிக்கட்டும்.

கரண்ட் பம்ப் காலத்தில் ஸ்டார்ட்டர் பேனலை யாரிடம் வேண்டுமானாலும் வாங்கினீர்கள். யாரும் அதைப் பற்றி எனக்குக் கடிதம் எழுதவில்லை. ஏனென்றால் நடுவில் ஒரு தெளிவான கோடு இருந்தது. 50 ஹெர்ட்ஸ், இத்தனை வோல்ட், இத்தனை ஆம்பியர். கோட்டுக்கு அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் சந்தை அருமையாக வேலை செய்யும்.

சோலாரில் அந்தக் கோடு அழிந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு வெயில் மெலிசாக இருக்கும்போது, கன்ட்ரோலர் கிடைத்த கரண்டுக்குத் தக்கபடி மோட்டாரை மெதுவாகச் சுற்றும். சுற்று குறைந்தால் தண்ணீர் அளவு அதே விகிதத்தில் குறையும், ஹெட், அதாவது தண்ணீரை ஏற்றும் உயரம், அதன் இருமடியில் குறையும். வால்வை மூடி வைத்து 50 ஹெர்ட்ஸில் 60 மீட்டர் ஹெட் காட்டுகிற உங்கள் பம்ப், 35 ஹெர்ட்ஸில் 30 மீட்டர்கூட ஏற்றாது. போர்வெல்லில் தண்ணீர் மட்டம் 40 மீட்டரில் இருந்தால், சுமார் 41 ஹெர்ட்ஸ் தாண்டினால்தான் மேலே முதல் சொட்டு வரும். சப்ளையர் தன் வழக்கப்படி மோட்டார் சுற்றும் கீழ் எல்லையை 30 ஹெர்ட்ஸ் என்று வைத்து அனுப்பியிருந்தால் என்ன ஆகும்? மோட்டார் சுற்றும், ஆம்பியர் காட்டும், தண்ணீர் வராது. உள்ளே இருக்கும் அதே தண்ணீரை இம்பெல்லர் சக்கரம் கலக்கிக்கொண்டே இருக்கும். ஓடும் தண்ணீரில்தான் சப்மெர்சிபிள் மோட்டார் சூடு தணிய வேண்டும், அங்கே தண்ணீர் ஓடவே இல்லை. கொஞ்ச நாளில் வைண்டிங் வாசனை வரும். இல்லையென்றால் கன்ட்ரோலர் ட்ரிப் ஆகி ட்ரிப் ஆகி விவசாயி எரிச்சலில் பெட்டியைக் கழற்றச் சொல்வார். உங்கள் சர்வீஸ் பையன் 'போர்டு போயிடுச்சு' என்று டேப்பில் எழுதி ஒட்டி எடுத்துவருவான். பெட்டி வராந்தாவுக்கு வரும்.

போர்டு போகவில்லை ஐயா. போர்டுக்குப் பம்ப்பைத் தெரியவில்லை, பம்ப் செய்பவருக்குப் போர்டைத் தெரியவில்லை. எல்லாப் பெட்டியும் இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். இடி விழுந்ததும் இருக்கும், எறும்பு கூடு கட்டியதும் இருக்கும். எது எத்தனை என்று சொல்ல உங்களிடம் ஆள் இல்லை என்பதுதான் விஷயம்.

இதே மாதிரி ஒன்றை ரெபெக்கா ஹெண்டர்சனும் கிம் கிளார்க்கும் 1990லேயே எழுதினார்கள். சிப் செய்யப் பயன்படும் ஒளி அச்சு இயந்திரங்களை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். பாகங்கள் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், ஒரு பாகத்துக்கும் இன்னொரு பாகத்துக்கும் உள்ள உறவு மட்டும் மாறும். வெளியே இருந்து பார்த்தால் சின்ன மாற்றம். ஆனால் அந்தச் சின்ன மாற்றத்தில்தான் அனுபவசாலிக் கம்பெனிகள் தலைமுறைக்குத் தலைமுறை சறுக்கி விழுந்தன. பம்ப் அதே பம்ப், மோட்டார் அதே மோட்டார் என்று நீங்கள் ஆறு வருடம் நினைத்திருந்தது அந்தச் சறுக்கல்தான்.

அப்படியானால் மச்சினர் சொன்னபடி யூனிட் போட வேண்டியதுதானே என்பீர்கள். போட வேண்டாம். செய்வதற்கு ஒரு எல்லை, தெரிந்துவைத்திருப்பதற்கு வேறொரு எல்லை. இரண்டையும் ஒரே கோடாகப் போடுவதுதான் உங்கள் வீட்டில் நடக்கும் சண்டை. மகள் இரண்டையும் பம்ப்போடு நிறுத்துகிறாள், மச்சினர் இரண்டையும் போர்டு வரைக்கும் இழுக்கிறார்.

விமான எஞ்சின் செய்பவர்களிடம் இதை நன்றாகப் பார்க்கலாம். ஒரு காலத்தில் எஞ்சினுக்கு எரிபொருள் விடும் கட்டுப்பாடு முழுக்க இயந்திர அமைப்பு. பிறகு அது டிஜிட்டலாக மாறியது. கிட்டத்தட்ட உங்கள் ஸ்டார்ட்டர் கன்ட்ரோலராக மாறிய கதைதான். கட்டுப்பாட்டுப் பெட்டியைச் செய்வதை எஞ்சின் கம்பெனிகள் பெருமளவு வெளியே கொடுத்தன. ஆனால் அதைப் புரிந்த பொறியாளர்களை வெளியே அனுப்பவில்லை. தாங்கள் செய்யாத பொருளைப் பற்றி ஏன் இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, புருசோனி, பிரென்சிபே, பேவிட் என்ற மூவர் 2001ல் ஒரு நல்ல ஆய்வு எழுதினார்கள். எஞ்சினும் பெட்டியும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை, ஒன்று மாறும்போது மற்றது தடுமாறும், அந்த இடைவெளியை நிரப்ப நடுவில் ஒருவருக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்று காட்டினார்கள். என்னைக் கேட்டால், கம்பெனியின் எல்லை பற்றி நான் படித்ததிலேயே தொழிற்சாலைக்காரருக்கு உபயோகமான ஆய்வு இதுதான்.

டொயோட்டா செய்தது இன்னும் சுவாரசியம். கார் பாகங்கள் செய்யும் டென்சோ, முன்பு டொயோட்டாவுக்குள்ளேயே இருந்த மின்சாரப் பிரிவு. 1949ல் பணக் கஷ்டத்தில் தனியாகப் பிரித்து விட்டார்கள். நாற்பது வருடத்தில் காரில் எலக்ட்ரானிக்ஸ் கூடக் கூட, டொயோட்டாவுக்கு ஒன்று உறைத்தது. பிரிந்துபோன பிள்ளைக்குத் தெரிவது பெற்றவருக்குத் தெரியவில்லை. என்ன விலை நியாயம், எது முடியும், எது முடியாது என்று டென்சோ சொல்வதை நம்ப வேண்டிய நிலை. இத்தனைக்கும் டென்சோவில் பெரிய பங்குதாரர் டொயோட்டாதான். பங்கு இருந்தால் ஓட்டுப் போடலாம், சர்க்யூட் புரிந்துவிடாது. 1989ல் டொயோட்டா, ஹிரோசே என்ற இடத்தில் சொந்தமாக ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஆலை திறந்தது. டென்சோவிடம் வாங்குவதை நிறுத்தவில்லை. கற்றுக்கொள்வதற்காகக் கொஞ்சம் தானே செய்தது. அதோடு கதை முடியவில்லை. 2018ல் எலக்ட்ரானிக்ஸ் உற்பத்தியை டென்சோவிடமே குவிப்பது என்று முடிவு செய்து, 2020 ஏப்ரலில் ஹிரோசே ஆலையையே டென்சோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். எல்லைக் கோடு வெளியே போய், உள்ளே வந்து, மறுபடி வெளியே போயிருக்கிறது. எழுபது வருடத்தில் மூன்று தடவை. கோடு ஒரே இடத்தில் நிற்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை. நான் கணக்குப் புத்தியோடு ஆலோசனை சொல்ல ஆரம்பித்த காலத்தில், ஒரு பம்ப் கம்பெனியின் பேட்டர்ன் ஷாப்பை, அதாவது வார்ப்பு அச்சுக்கான மர மாதிரி செய்யும் பட்டறையை, மூடச் சொன்னவன் நானே. கணக்கு பளிச்சென்று இருந்தது: மரப் பேட்டர்னை வெளியே செய்தால் பாதிச் செலவு. உள்ளே ஒரு வயசான ஆசாரி இருந்தார். அவரிடம் ஒரு பித்தளை ஸ்கேல். சாதாரண அடிஸ்கேலை அதன் பக்கத்தில் வைத்தால் அடிக்கு ஒரு நூல் அளவுக்கு அவருடையது நீளம். உருக்கி ஊற்றின இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே ஸ்கேலில் ஏற்றி வைத்திருப்பார்கள். அவரை அனுப்பினோம். அவர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போனார், அது அவருடையது. இரண்டு வருடம் கழித்து இம்பெல்லர் கேஸ்டிங்கில் ஒரு பக்கம் மெலிசாக வர ஆரம்பித்தது. ஃபவுண்டரி, 'உங்க பேட்டர்ன் தப்பு' என்றது. பேட்டர்ன் செய்தவர், 'ஃபவுண்டரியில அச்சுக்குள்ள வைக்கிற கோர் நகருது' என்றார். இருவருக்கும் நடுவில் நின்ற எங்களுக்கு எது உண்மை என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. பேட்டர்ன் செய்வதை வெளியே கொடுத்தது தப்பில்லை. பேட்டர்ன் தெரிந்த ஆளையும் சேர்த்து அனுப்பியதுதான் தப்பு. அந்தக் கம்பெனி முதலாளி இன்றும் என்னைப் பார்த்தால் சிரிக்கத்தான் செய்கிறார். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

இனி உங்கள் வேலை. ஆலைக்கான கடன் வேண்டாம். அதில் ஒரு சிறு பங்கு போதும்.

பவர் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த இருவரைச் சம்பளத்துக்கு எடுங்கள். ஒருவர் பட்டறையில் கை வைக்கிறவராக இருக்க வேண்டும், கம்ப்யூட்டர் முன் மட்டும் உட்காருகிறவர் வேண்டாம். டெஸ்ட் டேங்க் உங்களிடம் இருக்கிறது. ஷெட் கூரையில் பேனல் போட்டு நேரே அந்த டேங்குக்குக் கொண்டுவாருங்கள். வால்வைத் திருகித் திருகி ஹெட்டை மாற்றி, காலை வெயிலில், மேகத்தில், உச்சி வெயிலில் உங்கள் ஒவ்வொரு மாடலும் எத்தனை ஹெர்ட்ஸில் தண்ணீர் தள்ள ஆரம்பிக்கிறது என்று எழுதுங்கள். இந்த அட்டவணை உங்கள் சப்ளையரிடம் இருக்காது. அவர் எந்தப் பம்ப்புக்கும் பொருந்தும் பெட்டி செய்கிறவர். கன்ட்ரோலரில் நீங்கள் முதலில் சொந்தமாக்க வேண்டியது இந்த ஒரு தாள்தான்.

அடுத்தது பாஸ்வேர்ட். இன்று அந்தப் பெட்டியின் கீழ் எல்லையை மாற்ற உங்கள் ஆளால் முடியுமா, சப்ளையருக்குப் போன் போட வேண்டுமா? போன் போட வேண்டும் என்றால், விலை ஏறியதைவிட அது பெரிய சங்கடம். அடுத்த ஆர்டர் பேசும்போது பாராமீட்டர் அனுமதி, அதாவது இந்த எல்லைகளை மாற்றும் அனுமதி, உங்கள் கையில் வர வேண்டும். பழுதான ஒவ்வொரு பெட்டிக்கும் எந்தப் பாகம், எதனால் என்று எழுத்தில் வர வேண்டும். அதோடு சிம் கார்டு. விவசாய சோலார் பம்ப்புக்கு மானியம் தரும் மத்திய அரசின் பி.எம்.குசும் திட்டத்தில் போடும் செட்டுகளுக்குத் தொலைக் கண்காணிப்பு கட்டாயம் என்பதால், எந்தப் பம்ப் எத்தனை மணி ஓடியது, எப்போது தண்ணீர் இல்லாமல் ட்ரை ரன்னில் நின்றது என்ற விவரமெல்லாம் எங்கோ ஒரு சர்வருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அது யார் சர்வர் என்று பாருங்கள். சப்ளையருடையது என்றால், உங்கள் பம்ப்பின் ஆறு வருட ஜாதகம் அவரிடம் இருக்கிறது. அவர் இப்போது வேறு பம்ப்போடு முழு செட் விற்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எந்த ஆழத்தில் எந்த மாடல் திணறுகிறது என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். இதுதான் நிஜமான கழுத்துப்பிடி, விலையேற்றம் இதற்குப் பக்கத்தில் வராது. அந்தத் தகவல் முழுதும் உங்களுக்கும் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஏற்றுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த ஒரு காரணத்துக்காகவே ஆளை மாற்றலாம்.

ஆளை மாற்றுவதில் மகள் சொல்வது பாதி சரி. பெட்டியின் மேல்புறம் எல்லோருடையதும் ஒன்றுதான், இன்னொரு சப்ளையர் கிடைப்பார். ஆனால் மேலே சொன்ன தாள் கையில் இல்லாமல் மாற்றினால், அடுத்தவரிடமும் ஆறு வருடத்தில் இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். தாள் இருந்தால் இரண்டு பேரிடமும் பாதிப் பாதி வாங்கலாம்.

மச்சினருக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். அதிகம் போகும் ஒரு சின்ன மாடலுக்கு மட்டும் உங்கள் இருவரை வைத்து ஒரு போர்டு டிசைன் செய்யட்டும். போர்டில் பாகம் பொருத்துவதை ஜாப் ஒர்க்குக்குக் கொடுங்கள், அதற்கு ஆள் நிறைய. மாதம் பத்து, பதினைந்து போதும். லாபம் வராது, வர வேண்டியதும் இல்லை. உங்கள் ஹிரோசே அது. ஒரு போர்டுக்கு நிஜமாக என்ன அடக்கம் ஆகிறது என்று தெரிந்த நாளில், விலையேற்றக் கடிதம் வந்தால் பதில் எழுதும் விதமே மாறிவிடும். மாதம் ஆயிரக்கணக்கில் செட் போகும் காலம் வந்து, உங்கள் டிசைன் சந்தையில் கிடைப்பதைவிட நன்றாக ஓடினால், அப்போது மச்சினர் மறுபடி கடன் பேச்சை எடுக்கட்டும். நானே கையெழுத்துப் போடச் சொல்வேன்.

ஷாஃப்ட் கடைபவர் விஷயம் சுலபம். அவர் ஷெட்டை எடுக்காதீர்கள். அவருடைய லேத் இன்று உங்களுக்கும் ஓடுகிறது, இன்னும் நாலு பேருக்கும் ஓடுகிறது. உங்களுடையது ஆகிவிட்டால் மற்ற நாலு பேரும் போய்விடுவார்கள், லேத் பாதி நாள் சும்மா நிற்கும். ஆனால் அவர் ஏன் விற்கக் கேட்கிறார் என்று விசாரியுங்கள். பெரும்பாலும் பில் பணம் இழுப்பதாக இருக்கும். பதிவு பெற்ற குறு, சிறு தொழிலகத்துக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். வருமான வரியில் இதற்கென்று விதி வந்த பிறகு, அதைத் தாண்டி நிலுவை வைத்தால் அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்க முடியும். உங்கள் ஆடிட்டர் சொல்லியிருப்பார். நாற்பதாவது நாள் பணம் கொடுத்துப் பாருங்கள், ஷெட் விற்கும் பேச்சு தன்னால் நின்றுவிடும்.

கடைசியாக வராந்தா. சப்ளையர் வண்டி வருவதற்குள் அந்தப் பெட்டிகளில் பத்தை எடுத்து உள்ளே வையுங்கள். வாரண்டி சீலை உடைக்கக் கூடாது என்பார்கள். சீலை உடைக்க வேண்டியதே இல்லை, பாராமீட்டர் திரையைப் பார்த்தாலே பாதி தெரியும். பாப்பாவையும் உங்கள் வைண்டிங் மேஸ்திரியையும் சேர்த்து உட்கார வையுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் நாலு விஷயம் மட்டும் எழுதச் சொல்லுங்கள்: எந்த ஊர், போரில் தண்ணீர் எத்தனை மீட்டரில், பெட்டியில் கீழ் எல்லை எத்தனை ஹெர்ட்ஸ் வைத்திருக்கிறது, விவசாயி போன் செய்தது எத்தனை மணிக்கு. கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். பத்தில் ஆறு, ஏழு போன் காலை ஒன்பதரைக்குள் வந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். அடுத்து என்ன செய்வது என்று அதற்கு மேல் பேசலாம்.